தூர்வாருவதற்கு முன்: ஏரிச் சேற்றின் சாட்சியம்



நீர்நிலைகளைப் பற்றிய அறிவு பொறியாளர்களிடத்தும் அதிகாரிகளிடத்தும் மட்டும் தங்கிவிடாமல், அந்நீரைக் குடிப்பவர்களையும் அதில் குளிப்பவர்களையும் சென்று சேரவேண்டும் என்னும் நல்லெண்ணத்தால் நிறுவப்பெற்ற இவ்வறக்கட்டளையின் சொற்பொழிவை நிகழ்த்துமாறு இப்பல்கலைக்கழகத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் ஏரியின் நீரன்று. அந்நீருக்கு அடியில், யாரும் ஏறெடுத்தும் பாராத சேறு.

ஓர் ஏரி கெட்டுவிட்டது என்று நாம் வருந்தும்போது, அது முன்பு நன்றாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். அந்த ‘முன்பு’ எப்பொழுது என்று யாரேனும் கேட்டால், விடை சொல்வது எளிதன்று. தம் இளமையில் தாம் நீந்திய ஏரியையே இயற்கையான ஏரி என்று ஒவ்வொரு தலைமுறையினரும் கருதுகிறார்கள். அவர்கள் பிறப்பதற்கு முன்னமே அதில் பாதி கேடு நிகழ்ந்திருக்கக்கூடும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. நீரை முறையாகப் பரிசோதித்து எழுதிவைக்கும் வழக்கமோ, பெரும்பாலான நாடுகளில் நாற்றம் எழுந்து, மீன் செத்து மிதந்து, பத்திரிகைகளில் செய்தி வெளிவந்த பிறகே தொடங்கியிருக்கிறது. ஆகவே, கேடு தொடங்குவதற்கு முன்னர் அங்கே இருந்து, நிகழ்ந்தவற்றையெல்லாம் கண்டு, இன்றும் அவ்விடத்திலேயே இருக்கின்ற ஒரு சாட்சி நமக்குத் தேவைப்படுகிறது. அத்தகைய சாட்சி சேறு ஒன்றே.

மழைநீர் அடித்துவரும் மண், காற்றில் வந்து விழும் மகரந்தம், உதிர்ந்த இலை, எரிந்த காட்டின் கரி, நீரிலேயே தோன்றி மடியும் பாசிகள், புழுக்களின் தலையோடு, சிறு ஓட்டுயிர்களின் உடற்கூடு ஆகிய யாவும் இடைவிடாமல் ஏரியின் அடியை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கின்றன. ஓராண்டில் இவ்வாறு சேரும் படலத்தின் கனம் சில ஏரிகளில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வேறு சிலவற்றில் பல மில்லிமீட்டர். கீழே கிடப்பது பழையது, மேலே கிடப்பது புதியது என்னும் எளிய விதியைக் கொண்டு, மேலிருந்து கீழாகச் செல்லச் செல்லக் காலத்தில் பின்னோக்கிச் செல்லலாம்.

அச்சேற்றை எடுக்கும் முறையைச் சற்று விரிவாகவே கூறுகிறேன்; ஏனெனில், இத்துறையின் நேர்மை முழுவதும் அந்த முதல் அரைமணி நேரத்தில் காட்டும் கவனத்தைப் பொறுத்தே இருக்கிறது. ஏரியின் ஆழமான பகுதியில் படகை நங்கூரமிட்டு நிறுத்தி, இருமுனையும் திறந்த, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் குழாயொன்றை எடை கட்டிக் கயிற்றில் இறக்குவார்கள். குழாய் தன் பாரத்தால் சேற்றுக்குள் இறங்கி நின்றதும், மேல்முனையின் மூடி விழுந்து அடைத்துக்கொள்ளும். உட்புகுந்த சேறு நழுவாமல் குழாயோடு மேலே வரும். நகரத்தின் கழிவை வாங்கும் ஏரியொன்றில் எடுத்த குழாயை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தால், உச்சியில் கூழ்போல் ஆடும் பழுப்புப் படலத்தையும், அதற்குக் கீழே அழுகிய முட்டையின் நாற்றம் வீசும் கரிய சேற்றையும், இன்னும் கீழே நாற்றமற்று இறுகிக் கிடக்கும் வெளிறிய பழஞ்சேற்றையும் கண்ணாலேயே பிரித்தறியலாம். கரையில் அக்குழாயை நிமிர்த்தியே வைத்து, அடியிலிருந்து தண்டினால் மெல்ல உந்தி, மேலே பிதுங்கும் சேற்றை அரை சென்டிமீட்டர் அல்லது ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மெல்லிய தகட்டால் வழித்து, ஒவ்வொரு வில்லையையும் தனித்தனிப் பையிலிட்டு எண்ணிடுவார்கள். குழாய் சாய்ந்து உச்சிப்படலம் கலங்கிவிட்டால், அண்மைக்கால வரலாறு முழுவதும் கலங்கிவிட்டது என்றே பொருள்.

இனி, எந்த வில்லை எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று நிர்ணயிக்க வேண்டும். இதற்கு உதவும் பொருள் ஈயம்-210 என்னும் கதிரியக்க ஈயம். மண்ணிலுள்ள யுரேனியத்தின் வழித்தோன்றலாகிய ரேடான் என்னும் வாயு காற்றிற் கலந்து சிதைந்து, இந்த ஈயமாக மாறி, மழையோடு இறங்கி, ஏரிச் சேற்றில் ஒட்டிக்கொள்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் இதன் கதிரியக்கம் பாதியாகக் குறைந்துவிடும்; ஆகவே, எஞ்சியிருப்பதை அளந்து, ஏறக்குறைய 150 ஆண்டு வரையில் ஒவ்வொரு படலத்தின் வயதையும் கணக்கிட முடிகிறது. இம்முறையை ஏரிச் சேற்றுக்குப் பிரயோகிக்கலாம் என்று முதன்முதலாக விளக்கிய 1971 ஆம் ஆண்டின் கட்டுரையை எழுதிய நால்வருள் இருவர், பம்பாயில் டாட்டா ஆதார ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய எஸ். கிருஷ்ணசாமியும் தேவேந்திர லாலும் ஆவர் என்பதை இந்த அவையிலே நான் மகிழ்ச்சியோடு சொல்கிறேன். உலகெங்கும் உள்ள ஏரி ஆராய்ச்சிக் கூடங்கள் இன்று நாள்தோறும் கையாளும் முறையின் தொடக்கத்தில் நம்மவர் இருந்தனர். நம் ஏரிகளுக்கு அம்முறையை நாம் பயன்படுத்தியது மிகச் சிறிதே. ஈயத்தின் கணக்கைச் சரிபார்ப்பதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு. வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பரிசோதித்த காலத்தில் வானிலிருந்து விழுந்த சீசியம்-137, 1963 ஆம் ஆண்டையொட்டிய படலத்தில் உச்சமாக நிற்கிறது; ஐரோப்பிய ஏரிகள் பலவற்றில், செர்னோபில் விபத்து நிகழ்ந்த 1986 ஆம் ஆண்டின் படலத்தில் இரண்டாவது முறையும் தலைகாட்டுகிறது.

காலம் தெரிந்தபின், நீரின் குணம் தெரிய வேண்டும். அதைச் சொல்பவை டயாட்டம் எனப்படும் நுண்பாசிகள். கண்ணாடிக்கு மூலப்பொருளான சிலிக்காவால் தம்மைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ளும் இவ்வுயிர்களில் இனங்கள் பல்லாயிரம். ஒவ்வோர் இனத்தின் ஓட்டிலும் உள்ள வரிகளும் துளைகளும் தனித்தனி அமைப்புடையவை. தெளிந்த நீரில் வாழ்பவை, பாஸ்பரஸ் மிகுந்த நீரில் பெருகுபவை, அமில நீரை விரும்புபவை என்று அவற்றுக்குள் வேறுபாடு உண்டு. உயிர் போன பின்னும் ஓடு சேற்றில் அழியாமல் கிடக்கிறது. சேற்றை ஹைட்ரஜன் பெராக்சைடில் இட்டுக் காய்ச்சி, அங்ககப் பொருளையெல்லாம் நீக்கிவிட்டு, எஞ்சிய ஓடுகளை ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஒவ்வொரு வில்லையிலும் முந்நூறு முதல் ஐந்நூறு வரை எண்ணுகிறார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. ஆயினும், எந்தப் பரிசோதனைச் சாலையும் இல்லாத காலத்து நீரின் தன்மையை அறிய இதைவிடச் சிறந்த வழி இல்லை.

இவ்வளவையும் ஒருங்கே காட்டுவதற்கு ஓர் ஏரியை எடுத்துக்கொள்கிறேன். கனடாவின் ஒன்டேரியோ மாகாணத்தில், சுண்ணாம்புப் பாறைகளின் நடுவே, கிராஃபோர்டு ஏரி என்று ஒன்று இருக்கிறது. திருவாரூர்க் கமலாலயம் ஐந்து வேலி என்று நாம் பெருமையோடு சொல்கிறோமே, இந்த ஏரி ஒரு வேலிக்கும் குறைவானது, ஏறத்தாழ 2.4 ஹெக்டேர். ஆனால், ஆழம் 20 மீட்டருக்கு மேல். பரப்பு சிறுத்து ஆழம் மிகுந்திருப்பதால், காற்று எவ்வளவு வீசினாலும் அடிநீர் மேல்நீரோடு கலப்பதில்லை. அடியிலே சேற்றைக் கிளறும் புழுபூச்சிகளும் வாழ்வதில்லை. கோடையில் நீர் வெதும்பியதும் அதிலிருந்து சுண்ணாம்புத் துகள் பிரிந்து வெண்மையான படலமாக இறங்குகிறது. அதற்குப் பின், மடிந்த உயிர்களின் எச்சம் கருமையான படலமாக இறங்குகிறது. ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. இரண்டும் சேர்ந்தால் ஓராண்டு. இச்சேற்றைக் கலங்காமல் எடுப்பதற்காக, உலர்பனியும் சாராயமும் நிரப்பிய உலோகக் கூடொன்றை அடியில் இறக்கி, அதன் முகத்திலே சேறு உறைந்து ஒட்டிக்கொள்ளும்படி செய்து மேலே தூக்குகிறார்கள். ஆண்டுகளை விரல் வைத்து எண்ணும்படி அவை வரிவரியாகத் தெரிகின்றன.

இந்த ஏரியின் சேற்றை 1970களின் தொடக்கத்தில் ஆராய்ந்தவர்கள், ஐரோப்பியர் குடியேறுவதற்குப் பல நூற்றாண்டு முந்திய படலங்களில் மக்காச்சோளத்தின் மகரந்தத்தைக் கண்டார்கள். அடர்ந்த காட்டின் நடுவே சோளம் தானே முளைப்பதில்லை. விதைத்த கை ஒன்று இருந்திருக்க வேண்டும். மகரந்தம் காட்டிய குறிப்பைக் கொண்டு அகழ்வாராய்ச்சியாளர் தேட, இரோக்குவா மொழியினத்தைச் சேர்ந்த பழங்குடி மக்களின் நெடுவீடுகள் நின்ற ஊர் ஏரிக்கு அருகிலேயே வெளிப்பட்டது. சேறு முதலிற் சொன்னது, மண் பின்னர் ஒப்புக்கொண்டது. அம்மக்கள் 13 ஆம் நூற்றாண்டிலிருந்து 15 ஆம் நூற்றாண்டு வரையில் அங்கே காட்டைத் திருத்திச் சோளம் விளைவித்தனர். வயலில் மேய்ந்த வாத்துகள் ஏரியில் வந்து தங்கி எச்சமிட்டதும் அம்மகரந்தம் நீருக்குள் வந்த வழிகளுள் ஒன்று என்று பிற்பட்ட ஆராய்ச்சி ஒன்று காட்டியிருக்கிறது.

அதே படலங்களில் டயாட்டங்களும் மாறின. ஊட்டப்பொருள் மிகுந்த நீரை விரும்பும் இனங்கள் தலையெடுத்தன. ஏரிகள் ஊட்டம் மிகுந்து பாசி படர்ந்து கெடுவது ஆலைகளோடும் நகரச் சாக்கடைகளோடும் வந்த நவீன வியாதி என்று எண்ணியிருந்தவர்களுக்கு, கையால் மண்ணைக் கொத்தி வாழ்ந்த சிறிய சமூகமொன்றும் ஒரு சிற்றேரியின் நீரை மாற்றவல்லது என்பது புதிய பாடமாயிற்று. என் உள்ளத்தை அதிகமாகத் தொட்டதோ அதற்குப் பின் நிகழ்ந்தது. மக்கள் அவ்வூரை விட்டுப் போய்விட்டார்கள், காடு மீண்டும் வளர்ந்தது, ஊட்டப்பொருளும் குறைந்தது. எனினும், ஏரியின் டயாட்டங்கள் உழவுக்கு முன்பிருந்த அமைப்புக்குத் திரும்பவே இல்லை. பிறகு 19 ஆம் நூற்றாண்டில் குடியேற்றக்காரர்கள் மரம் அறுக்கவும் பயிர் செய்யவும் தொடங்கியபோது ஏரி இரண்டாம் முறை கெட்டது. விட்டுவிட்டால் இயற்கை தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கிராஃபோர்டு ஏரியின் சேறு அதை அவ்வளவு எளிதில் அங்கீகரிக்கவில்லை. மனிதனின் ஆதிக்கத்தால் புவியின் வரலாற்றில் புதிய யுகமொன்று தொடங்கிவிட்டது என்று வாதிட்ட அறிஞர் குழு, 1950ஐ ஒட்டிய அணுகுண்டுப் புளூட்டோனியம் தெளிவாகப் பதிந்திருக்கும் காரணத்தால், அதன் அடையாள இடமாக 2023 இல் இவ்வேரியையே தேர்ந்தது. புவியியலாளர் அவை 2024 இல் அந்தப் பிரேரணையை நிராகரித்துவிட்டது. சேற்றின் மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை.

இதைவிடத் தொன்மையான உதாரணமும் உண்டு. ரோமாபுரிக்கு வடக்கே மான்டெரோசி என்னும் சிற்றேரியின் அடிப்படிவை யேல் பல்கலைக்கழகத்துப் பேரறிஞர் ஹட்சின்சனும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 1970 இல் வெளியிட்டனர். இவர் 1932 இல் லடாக் ஏரிகளுக்கு வந்து ஆராய்ந்தவர். கி.மு. 2 ஆம் நூற்றாண்டில் ரோமானியர் காசியா நெடுஞ்சாலையை அவ்வழியே போட்டபோது நிலத்தடி நீரோட்டம் மாறி, ஏரியில் ஊட்டம் மிகுந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஏரிக்குள் யாரும் எதையும் கொட்டவில்லை. பக்கத்தில் ஒரு சாலை போட்டார்கள், அவ்வளவே.

சாக்கடையால் கெட்டு மீண்ட ஏரிக்கு அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரியைச் சொல்வது வழக்கம். 1955 இல் அதில் செந்நிறப் பாசியொன்று தோன்றியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் சுவிட்சர்லாந்தின் சூரிச் ஏரி கெடத் தொடங்கிய காலத்தில் அங்கே பெருகிய அதே பாசி அது. சூரிச்சின் அடிச்சேறு வரிவரியாகப் படியத் தொடங்கியதையும் நிப்கோ என்பவர் 1920 இலேயே எழுதியிருந்தார். அந்த முன்னுதாரணத்தை அறிந்திருந்த பேராசிரியர் எட்மண்ட்சன், என்ன வரப்போகிறது என்பதை நகரத்தாருக்கு எடுத்துரைத்தார். மக்கள் 1958 இல் வாக்களித்துத் தனி அமைப்பொன்றை ஏற்படுத்தி, 1963க்கும் 1968க்கும் இடையில் கழிவுநீர் முழுவதையும் ஏரிக்கு வெளியே திருப்பினர். ஒரு மீட்டர் ஆழம் கூடத் தெரியாதிருந்த நீர் சில ஆண்டுகளிலேயே தெளிந்தது. ஒரு நாட்டு ஏரியின் கெடுதி இன்னொரு நாட்டு ஏரியைக் காத்தது என்று துணிந்து சொல்லலாம். வாஷிங்டன் ஏரியின் சேற்றிலிருந்த ஈயத்தையும் அளந்தனர். டக்கோமா நகரத்தில் உலோகம் உருக்கிய ஆலையும், பின்னர் மோட்டார் வண்டிகளின் ஈயம் கலந்த பெட்ரோலும் அதற்குக் காரணம் என்று தெரிந்தது.

சேறு வெறும் வரலாறு சொல்வதோடு நில்லாமல், ஒரு வழக்கைத் தீர்த்து வைத்ததையும் கேளுங்கள். ஸ்காட்லாந்தின் தென்மேற்கே கேலவே என்னும் மலைப்பகுதியில், கருங்கல் பாறைமீது, ரவுண்ட் லாக் ஆஃப் கிளென்ஹெட் என்னும் ஏரி இருக்கிறது. அப்பகுதியின் ஏரிகள் பலவற்றில் மீன்கள் அற்றுப்போயின, நீர் அமிலமாகிவிட்டது. நிலக்கரி எரிக்கும் மின்நிலையங்களின் கந்தகப் புகையே காரணம் என்று ஒரு சாரார் கூறினர். அப்படியன்று, ஊசியிலை மரங்களை நட்டதும், மேய்ச்சலிலும் புதர் எரிப்பிலும் ஏற்பட்ட மாறுதல்களுமே காரணம் என்று எதிர்த்தரப்பார் வாதித்தனர். இரண்டும் கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தன. லண்டன் யூனிவர்சிடி காலேஜைச் சேர்ந்த பாட்டர்பீ, ஃபிளவர் முதலியோர் அவ்வேரியின் சேற்றை எடுத்து டயாட்டங்களை எண்ணினர். ஏறக்குறைய 1850 வரை நீரின் பி.ஹெச். 5.5 அளவில் நிலையாக நின்று, பின்னர் இறங்கத் தொடங்கி, 1980களுக்குள் ஏறத்தாழ ஒரு முழு அலகு குறைந்துவிட்டது. அந்த அளவுகோலில் ஓர் அலகு என்பது பத்து மடங்கு அமிலம். அதே படலங்களில் ஈயம் முதலிய உலோகங்களும், உயர்ந்த வெப்பத்தில் நிலக்கரியோ எண்ணெயோ எரியும்போது மட்டுமே உண்டாகின்ற, இயற்கையில் வேறு எவ்வகையாலும் தோன்றாத, துளைகள் நிறைந்த கரிய உருண்டைத் துகள்களும் இருந்தன. அந்த ஏரியைச் சுற்றியோ ஊசியிலைக் காடு நடப்படவே இல்லை.

மலையிலே புகையைக் கண்டு அங்கே தீ உண்டென்று கொள்வதை அனுமானப் பிரமாணத்துக்கு உதாரணமாகக் காட்டுவது நம் தருக்க நூலார் மரபு. இங்கே தீ மலையில் இல்லை. எங்கோ தொலைவிலுள்ள உலைகளில் இருந்தது. அதன் கரி மட்டும் மனிதர் வாழாத மலையேரியின் அடியில், ஆண்டுவாரியாக அடுக்கப்பட்டுக் கிடந்தது. தொடர்ந்து, பிரிட்டனின் மின்சார வாரியமும் நிலக்கரி வாரியமும் கொடுத்த பொருளைக் கொண்டே, அந்நாட்டு ராயல் சொசைட்டியும் நார்வே, சுவீடன் நாட்டு அறிவியற் கழகங்களும் சேர்ந்து நடத்திய பெரிய ஆராய்ச்சியும் இம்முடிவை உறுதிசெய்தது. குற்றம் சாட்டப்பட்டவரே செலவு செய்த விசாரணையிலும் சாட்சி பிறழவில்லை. கந்தகப் புகையைக் குறைப்பதற்கு 1988 இல் பிரிட்டிஷ் அரசு உடன்பட்டது.

சாட்சி நேர்மையானதாயினும், குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்பது முறையன்று. பாஸ்பரஸ் சேற்றில் அசையாமல் கிடப்பதில்லை. அடிநீரில் பிராணவாயு அற்றுப்போனால் அது சேற்றைவிட்டு நீருக்கு மீண்டும் ஏறிவிடும். காரத்தன்மை மிகுந்த நீரில் டயாட்ட ஓடுகள் கரைந்துபோவதுண்டு. புழுக்கள் சில சென்டிமீட்டர் ஆழம் வரை சேற்றைக் கிளறி, அடுத்தடுத்த ஆண்டுகளைக் கலந்துவிடுவதும் உண்டு. ஆகையால்தான், ஒன்றை நம்பாமல் பாசி, மகரந்தம், உலோகம், கரித்துகள் ஆகிய பலவற்றையும் தனித்தனியே விசாரித்து, அவை ஒத்துச் சொல்வதை மட்டும் முடிவாகக் கொள்கிறார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். நம் சமவெளி ஏரிகளில் இம்முறை எளிதில் பலிக்காது. அவை கோடையில் வற்றி வெடிக்கின்றன, ஆடுமாடுகள் மிதிக்கின்றன, வண்டலை வெட்டி வயலுக்கு அடிப்பது உழவர்களின் பழைய வழக்கம், தூர்வாரும் குடிமராமத்து நம் முன்னோரின் மாண்புக்கு அடையாளம். ஏரியைக் காத்த அச்செயல்களே அதன் வரலாற்றை அப்புறப்படுத்திவிட்டன; அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மலையேரிகளின் நிலை வேறு. உதகை ஏரி 1820களில் பிரிட்டிஷ் ஆட்சியர் சல்லிவன் முயற்சியால் தோன்றியது. கொடைக்கானல் ஏரியை 1863 இல் லெவிஞ்ச் என்னும் பிரிட்டிஷ் ஆட்சியர் அமைத்தார். இவை மனிதன் கட்டியவை. ஆதலின், சேறு சேரத் தொடங்கிய காலம் நமக்கு முன்னமே தெரியும். கொடைக்கானலின் தொடக்கம் ஈயம்-210 அளக்கவல்ல எல்லையை ஒட்டி அமைந்திருக்கிறது; உதகையின் தொடக்கம் அவ்வெல்லைக்குச் சற்று முந்தியது. ஐரோப்பியரின் குடியிருப்பு, சோலைகளும் புல்வெளிகளும் அழிந்து தேயிலையும் யூகலிப்டஸும் வந்தது, விடுதிகள் பெருகியது, சாக்கடை கலந்தது ஆகிய ஒவ்வொன்றும் எந்த ஆண்டளவில் நீரை எவ்வளவு மாற்றியது என்பதை, கலையாத சேறு எஞ்சியிருக்கும் இடங்களில், வில்லை வில்லையாகக் கேட்டறியலாம். கொடைக்கானலில் பாதரச வெப்பமானிகள் செய்த தொழிற்சாலை 2001 இல் மூடப்பெற்றபின், ஏரியின் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை ஆய்வாளர் கண்டனர். மேற்சேற்றை அள்ளி அளந்தால் இன்று எவ்வளவு இருக்கிறது என்பது தெரியும். எப்பொழுது ஏறியது, ஆலை மூடிய பிறகு இறங்குகிறதா, ஏறுவதற்கு முன் எவ்வளவு இருந்தது என்பவற்றைக் குழாயிலெடுத்த சேறுதான் சொல்லும்.

ஆனால், மலையேரிகளைப் புதுப்பிப்பதென்று வந்துவிட்டால், முதல் வேலையாக இயந்திரத்தைக் கொண்டுவந்து சேற்றைத்தான் வாரி எடுக்கிறோம். ஏரியை எந்நிலைக்கு மீட்கவேண்டும் என்பதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியை, அதை ஒருமுறை கூட விசாரியாமல், லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம். தூர்வார வேண்டா என்று நான் சொல்லவில்லை. பல ஏரிகளுக்கு அது அவசியம். இயந்திரம் இறங்குவதற்கு முன்னால், ஆழமான இடங்களில் இரண்டு மூன்று குழாய்ச் சேறு எடுத்துவைக்க வேண்டும் என்றே கேட்கிறேன். ஒரு படகு, ஒரு குழாய், கைப்பழக்கமுள்ள நால்வர், ஒரு பகற்பொழுது ஆகியவை அதற்குப் போதும். எடுத்த வில்லைகளில் ஒரு பாதியை இப்பொழுது ஆராய்ந்து, மறுபாதியை எண்ணும் தேதியும் இட்டுக் குளிர்பதனத்தில் காத்துவைக்கலாம். அப்படிக் காக்கும் அறையொன்றை இப்பல்கலைக்கழகம் ஏற்படுத்துமாயின், உதகையில் முதற்குழாயை இறக்கும் நாளில் மாணவர்களோடு உடன்வர நான் சித்தமாயிருக்கிறேன். படகுக்கும் குழாய்க்கும் வேண்டிய அனுமதி விண்ணப்பத்தைத் துணைவேந்தர் அவர்களிடம் இம்மேடையிலேயே சமர்ப்பிக்கிறேன்.